கல்லின் மேல் சாயாத வண்டி

ஒரு மனிதரைப் போனில் ஏமாற்றுக்காரன் என்று திட்டிவிட்டு, பத்தாம் நாளே அவர் வீட்டில் போய் உட்கார்ந்து களி சாப்பிட்டவன் நான். திட்டியது மன்னார்குடிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து. களி சாப்பிட்டது தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்கு மேற்கே ஒரு மலையடிவாரத்தில். நடுவில் இருந்தது ஒரு பழைய வண்டியும் அதன் பெருந்தீனியும்தான்.

வண்டி வாங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி வனஜா மூன்று வருடத்துக்கு முன் கொல்லையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் தகடு வைத்தார்கள். நிற்பாள், மெல்ல நடப்பாள். தாழ்வான எதிலும் உட்கார மட்டும் முடியாது. ஆட்டோ ஆகாது, சின்ன கார் ஆகாது, பஸ் படிக்கட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கட்டில், ஒரு உயர நாற்காலி, வாசல் கேட். மூன்று வருடமாக அவள் போய்வந்த தூரம் அவ்வளவுதான்.

பெரிய வண்டி என்றால் இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கும், குனியாமல் அப்படியே சாய்ந்து ஏறிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அவளால் உட்கார முடிகிற உயரத்தைக் கயிற்றில் ஒரு முடிச்சாகப் போட்டு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பழைய எஸ்.யூ.வி.களை அளந்து பார்த்தேன். ஒன்றில் முடிச்சு மேலே நின்றது, இன்னொன்றில் கீழே நின்றது. பாலக்கோட்டில் மாதேஷ் என்கிற தக்காளி விவசாயியின் வாசலில் நின்ற வண்டியில்தான் முடிச்சு அச்சாக இருக்கையின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது.

"என்னாங்க சார், வண்டி பார்க்க வர்றவங்க எல்லாம் இன்ஜினத் தொறந்து பார்ப்பாங்க. நீங்க கயித்த வெச்சுப் பார்க்கறீங்க?" என்றார் மாதேஷ். வனஜாவைப் பற்றிச் சொன்னேன். ஒகேனக்கல் காட்டுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருப்பதையும் சொன்னேன். அவர் கயிற்றை வாங்கி முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். லிட்டருக்குப் பதிமூன்று கொடுக்கும், பதமாக ஓட்டினால் பதினான்கு என்றார். நம்பி வாங்கினேன். இது ஆவணி மாதம்.

ஊருக்கு வந்து ஓட்டிப் பார்த்தால் எட்டு. டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, நான்கு முறை கணக்குப் போட்டேன். எட்டுதான். காற்று வடிகட்டியை மாற்றினேன், டீசல் வடிகட்டியை மாற்றினேன், டயருக்குக் காற்று அடித்தேன், இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். ஏ.சி.யை அணைத்துவிட்டு வியர்க்க விறுவிறுக்க ஓட்டினேன். எட்டு எட்டாகவே இருந்தது. எங்கள் ஊர் மெக்கானிக், "பழைய வண்டி சார், அப்படித்தான் குடிக்கும். தள்ளி விட்டுடுங்க" என்றார். என் ஓய்வூதியத்தில் இந்தப் பசிக்குத் தீனி போட முடியாது. வண்டி வாசலில் நிற்கத் தொடங்கியது. வனஜா மறுபடி கேட்டோடு நின்றுகொண்டாள்.

"வித்துடுங்க. எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று ஒருநாள் அவள் சொன்னாள். அவள் அப்படிச் சொன்ன சூட்டில்தான் மாதேஷுக்குப் போன் போட்டுக் கத்தினேன். பேசவிடாமல் கத்தினேன். அந்தப் பக்கம் ஏதோ கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க சார். அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க. நான் சொன்னது பொய்யின்னா வண்டிய இங்கியே வுட்டுட்டு உங்க பணத்த வாங்கிக்கிட்டுப் போங்க."

வண்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஐப்பசிக் கடைசியில் கிளம்பினேன். "வண்டிக்கு இதுதான் கடைசிப் பயணம்னா நானும் வரேன்" என்று வனஜா முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள்.

தொப்பூர் கணவாயில் ஏறும்போது அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். எங்கள் ஊரில் உயரமானது கோயில் கோபுரம், அதற்கு அடுத்தது ரயில்வே மேம்பாலம். இங்கே இரண்டு பக்கமும் மலை எழுந்து நின்றது. ஒரு பாறை மேல் இன்னொரு பாறை, அதன் மேல் இன்னொன்று, விழாமல் எப்படி இருக்கிறதோ தெரியாது. எதிர்ச் சாலையில் லாரிகள் முனகிக்கொண்டு இறங்கின. "இதுக்கு மேலயா ஊர் இருக்கு?" என்றாள். நான் ஏற்கெனவே ஒருமுறை வந்தவன் என்ற தோரணையில் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பிரமிப்புதான்.

ஏற்றம் முடிந்த இடத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "உங்க வண்டியில பின்னாடி ஏதோ தீயிற வாடை வருதுங்களே" என்றார். "கணவாயில எல்லா லாரியும் பிரேக் போட்டுக்கிட்டுத்தானே இறங்குது, அந்த வாடையா இருக்கும்" என்று விளக்கம் சொன்னேன். இதே வாடை எங்கள் ஊரிலும் வந்ததுண்டு. அங்கே குறுவை அறுத்த வயலில் வைக்கோல் கொளுத்துகிறார்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லியிருந்தேன். விளக்கம் சொல்வதில் எனக்கு எப்போதுமே குறைவில்லை. முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன்.

சாயங்காலம் மாதேஷ் வீட்டை அடைந்தோம். வாசலே மேட்டுச் சரிவு. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கினேன். எங்கள் ஊரில் ஹேண்ட் பிரேக்கை யாரும் தொடுவதில்லை. வண்டியை எங்கே விட்டோமோ அங்கேதான் இருக்கும். என் வண்டியில் அந்தக் கம்பிக்கு இருந்த ஒரே வேலை வனஜாவின் கைப்பையைத் தாங்குவது.

மாதேஷின் மனைவி கௌரி வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். "வாங்க" என்றார், ஆனால் பார்வை வண்டி மேல்தான். தக்காளியை ஏற்றிக்கொண்டு இந்த வண்டியை ஆறு வருடம் சந்தைக்கு ஓட்டியவர் அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. வாசல் ஓரத்திலிருந்து முக்கோணமான ஒரு கருங்கல்லைத் தூக்கிவந்து பின் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். அந்த ஊரில் வண்டி வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் இப்படி ஒரு கல் இருக்கிறது. மழையில் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகிப்போகும் என்று ராத்திரியில் அதைப் போடமாட்டார்கள், கல்தான். கல்லை வைத்தால் வண்டி லேசாகப் பின்னால் உருண்டு அதன் மேல் சாயும். 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் உள்ளே போவார்கள்.

கௌரி கல்லை வைத்துவிட்டு நின்றார். சத்தம் வரவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். "ஹேண்ட் பிரேக் போட்டுட்டீங்களா சார்?" என்றார். வனஜாவை இறக்குகிற மும்முரத்தில் "ம்" என்றேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை, கேள்வியே காதில் சரியாக ஏறவில்லை. அவரும் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கவனித்த முதல் விஷயம் வனஜாவுக்கான இருக்கை. தக்காளி அடுக்கும் 'கிரேடு' என்கிற பிளாஸ்டிக் பெட்டி இரண்டை ஒன்றன் மேல் ஒன்று கவிழ்த்து, மேலே கம்பளியை நான்காக மடித்துப் போட்டிருந்தார் மாதேஷ். வனஜா அதில் குனியாமல், முகம் சுளிக்காமல் உட்கார்ந்தாள். கயிற்று முடிச்சின் உயரம் அச்சாக அதுதான். என்னிடம் அவர் அளவு கேட்கவில்லை. ஆவணியில் ஒருமுறை தடவிப் பார்த்ததை நினைவில் வைத்திருந்திருக்கிறார். திட்டுவதற்காகத் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியங்களில் பாதி அப்போதே கரைந்துவிட்டது.

சாப்பாடு கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு. களியை மெல்லக் கூடாது, கிள்ளிச் சாற்றில் தோய்த்து அப்படியே விழுங்கவேண்டும் என்று கௌரி காட்டினார். நெல்லுச் சோறு தவிர வேறெதையும் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளாத ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். முதல் விழுங்கலில் எனக்குக் கண் பிதுங்கியது. இரண்டாவது உருண்டையை நானே கேட்டு வாங்கினேன். மாதேஷும் கௌரியும் தங்களுக்குள் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். வனஜாவுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துச் சமாளித்தாள். அவளுடைய தாய்வீட்டுப் பேச்சும் தெலுங்குதான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கௌரி சொன்னது என்ன என்று வனஜா மறுநாள்தான் என்னிடம் சொன்னாள். "போன்ல அந்தக் கத்து கத்தின மனுசன், வெட்கமே இல்லாம ரெண்டாவது உருண்டை கேக்கறதைப் பாரு."

இரண்டாம் நாள் விடியற்காலையில் மாதேஷ் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு சந்தைக்குக் கிளம்பினார். நானும் அவருடைய சரக்கு வண்டியில் ஏறிக்கொண்டேன். இவ்வளவு தக்காளியை நான் ஒருசேரப் பார்த்ததில்லை. கிரேடுகள் சுவர் சுவராக நின்றன. டிராக்டரில் வந்தது, டெம்போவில் வந்தது, பஸ் கூரையில் வந்தது. ஏலம் நடக்கிற இடத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், யாரோ ஒருவர் தலையசைக்கிறார், ஒரு லாரி நிறையத் தக்காளி கைமாறிவிடுகிறது. சீட்டு பிறகு வருமாம். எங்கள் பக்கம் நெல் போடுவதென்றால் டோக்கன், ஈரப்பதம், கையெழுத்து என்று நாலு நாள் வேலை. இங்கே வார்த்தைதான் எல்லாம். வாய் பிளந்து நின்றேன்.

மண்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு மாதேஷிடம் கேட்டார். "இவருதானா அந்தச் சாரு?"

மாதேஷ் கிரேடு இறக்கப் போய்விட்டார். மண்டிக்காரரே எனக்கு விளக்கினார். "நீங்க போன் போட்ட அன்னைக்கு இங்கதானுங்க நின்னுக்கிட்டு இருந்தாப்ல. கையெல்லாம் தக்காளி. போன எடுத்து ஸ்பீக்கர்ல போட்டாப்ல. நீங்க பேசனத நாங்க எல்லாருமே கேட்டோம்." அவர் குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நேத்து ஒருத்தன் இவரு கிரேட அடி வரைக்கும் கொட்டிப் பார்த்துட்டுத்தான் வெல சொன்னான். இத்தன வருசத்துல யாரும் இவருத கொட்டிப் பார்த்ததில்ல."

எனக்கு நின்ற இடம் சுட்டது. வண்டி எட்டுதான் என்று நான் நிரூபித்தால் அவர் மானம் போகும், பதிமூன்று என்று ஆனால் என் மானம் போகும். இரண்டும் இல்லாமல் வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போனால் வனஜா மறுபடி கட்டிலுக்கே போவாள்.

வீட்டுக்கு வந்தபோது கௌரி வண்டியின் பின் சக்கரத்துக்கு அருகே குந்தியிருந்தார். வனஜா கிரேடு இருக்கையை வாசலுக்குக் கொண்டுவரச் செய்து அதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கௌரி சுட்டுவிரலைக் கல்லுக்கும் டயருக்கும் நடுவில் விட்டு இப்படியும் அப்படியும் நகர்த்தினார். விரல் தடையில்லாமல் போய்வந்தது.

"ராத்திரி பூரா நின்னுருக்குது, கல்லு மேல சாயவே இல்ல" என்றார். பிறகு கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். "ஹேண்ட் பிரேக் கீழதானே கெடக்குது. கியரும் நியூட்ரல்."

எழுந்தார். காலால் கல்லைத் தட்டிவிட்டார். நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன். பின்னால் சரிவு, அதன் கீழே அவர்களுடைய தண்ணீர்த் தொட்டி.

வண்டி அசையவில்லை. இரண்டு டன் எடை, சரிவில், பிரேக் இல்லாமல், கியர் இல்லாமல், கல் இல்லாமல், படம் மாட்டியதுபோல நின்றது. ஒரு வினாடி எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம்தான் மண்டையில் ஏறியது. நிற்கக்கூடாத இடத்தில் நிற்கிறது என்றால் எதுவோ அதைப் பிடித்திருக்கிறது. மூன்று மாதமாக நான் ஓட்டியது வண்டியை இல்லை, எதுவோ பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிற வண்டியை. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. ஒரு சரிவு, ஒரு கல், ஒரு விரல். எங்கள் சமதரையில் பத்து மெக்கானிக் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

ஜாக்கி வைத்துப் பின் சக்கரத்தைத் தூக்கினார்கள். "சுத்துங்க சார்" என்றார் கௌரி. இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் சுற்றினேன். அரைச் சுற்றுகூடப் போகவில்லை, கரகரவென்று நின்றுவிட்டது. முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு விரலால் தட்டினார், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சரிவின் கீழே இருந்த சாலையில் ஒரு சுற்று ஓட்டிவந்து பின் சக்கரத்தின் நடுவில் என் கையை வைக்கச் சொன்னார். தோசைக்கல். கையை உதறினேன். டீக்கடை வாடை, வைக்கோல் வாடை எல்லாம் இதுதான்.

"உராய்வு பாடம் நடத்தறப்போ பிள்ளைங்களை ரெண்டு கையையும் தேய்க்கச் சொல்லி, சூடு வருதான்னு கேப்பீங்களே" என்றாள் வனஜா இருக்கையிலிருந்து. "ஒரு நாளாவது இந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தீங்களா?"

மாதேஷ் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. கௌரியைத் தள்ளி அழைத்துப்போய்த் தெலுங்கில் தாழ்ந்த குரலில் பேசினார். கௌரி தலையில் அடித்துக்கொண்டு பதிலுக்கு ஏதோ சொன்னார். மறைக்கிறார்கள் என்று எனக்குச் சுருக்கென்றது. வனஜாவைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"இங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டாள். "அவர் இப்ப சொன்னதை அப்படியே சொல்றேன், கேளுங்க. 'நான்தான் இறுக்கினேன். வண்டி குடுத்த அன்னிக்குக் காலையில. அந்த அம்மாவுக்கு ஒகேனக்கல் காட்டணும்னு சார் சொன்னார். காட்டிட்டுத் திரும்பறப்போ கணவாய் இறங்கியாகணும். பிரேக் பிடிக்கலைன்னா வண்டியில இருக்கிற மத்தவங்க குதிச்சுடுவாங்க. அந்த அம்மாவால குதிக்க முடியாதே. அதனால ஹேண்ட் பிரேக் கேபிளை ரெண்டு சுத்து கூட இறுக்கி விட்டேன். அவர்கிட்டச் சொல்ல மறந்துட்டேன். இப்போ சொன்னா, கெடுத்ததும் நீதானான்னு கேப்பார்.' அதுக்கு அவ சொல்றா, 'கணவாயில வண்டியைப் பிடிக்கிறது கியரு, கேபிளா? சூடேறி நிஜமாவே பிடிக்காமப் போயிருந்தா அந்த அம்மா கதி என்ன ஆகியிருக்கும்?'"

அவள் வண்டியில் எப்படி ஏறுவாள் என்று மூன்று வருடம் யோசித்தவன் நான். ஒரு ஆபத்தென்றால் எப்படி இறங்குவாள் என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. முடிச்சைத் தடவிப் பார்த்த அந்த ஒரு நிமிடத்தில் மாதேஷ் யோசித்திருக்கிறார். யோசித்துவிட்டுச் செய்தது அடிமுட்டாள்தனம்தான், கௌரி சொன்னதுபோல ஆளையே கொன்றிருக்கும். ஆனாலும் இப்படி ஒரு தப்பை என் மனைவிக்காக இதுவரை யாரும் செய்ததில்லை.

வனஜா அவர்கள் பக்கம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னாள். கௌரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். முதல் நாள் உருண்டைப் பேச்சு நினைவுக்கு வந்திருக்கவேண்டும். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் தொட்டியோரம் கட்டியிருந்த மாடு எழுந்து நின்றது.

நான் மாதேஷிடம் போனேன். "உங்களை ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

"வுடுங்க சார். நானும் சொல்லாம வுட்டது தப்புதானே" என்றார் அவர். கௌரி விடவில்லை. "நீங்க பேசன அன்னைக்கு இவரு சோறு திங்கலீங்க சார். அத நீங்க தெரிஞ்சுக்கணும்" என்றார். தெரிந்துகொண்டேன்.

அன்று மதியமே பாலக்கோட்டு ஒர்க்ஷாப் ஒன்றில் பின் சக்கரங்களைப் பிரித்தார்கள். பிரேக் கட்டைகள் கருகிப் பளபளவென்று இருந்தன. புதிதாகப் போட்டு, கேபிளைத் தளர்த்தி, சக்கரத்தைத் தட்டிச் சுற்ற விட்டுக் காட்டினார்கள். சாயங்காலம் வாசல் சரிவில் வண்டியை நிறுத்தி, கௌரி கல்லை வைத்தார். நாங்கள் நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டொக். வனஜா கைதட்டினாள்.

மூன்றாம் நாள் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு பாப்பாரப்பட்டி வழியாக ஒகேனக்கல் போனோம். சந்தை நாளில் பாப்பாரப்பட்டியைக் கடக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மூட்டைப் புளியும் இரண்டு ஆடும் எங்கள் வண்டியை உரசிக்கொண்டு போயின. கௌரி பின்னால் உட்கார்ந்து என் கியரை நடத்தினார். "இறக்கத்துல ரெண்டாவதுல வுடுங்க. காலு பிரேக்குல ஊறப்போடாதீங்க. வண்டி தானே புடிச்சுக்கும்." முப்பத்திரண்டு வருடம் வகுப்பெடுத்தவன் முதல் பெஞ்சு மாணவன்போலக் கேட்டுக்கொண்டேன்.

ஒகேனக்கல்லில் வண்டியை விட்டு இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தெரிகிற இடம் வரை வனஜா நடந்தாள். தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னால் சத்தம் வந்தது. பிறகு பார்த்தோம். பாறைகளைப் பிளந்துகொண்டு, புகையாக எழும்பி, கண் மண் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது காவிரி. எங்கள் ஊரில் காவிரியின் வாய்க்காலில் துணி துவைத்து வளர்ந்தவள் அவள். அங்கே தண்ணீர் போகிறதா நிற்கிறதா என்று இலையைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். "இதுவா நம்ம வீட்டுப் பக்கம் வருது?" என்று கேட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன். மாதேஷ் எதையோ பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு நான்கு பேரும் சுடச்சுட வறுத்த மீன் தின்றோம். உதடு எரிந்தது, இன்னும் ஒரு தட்டு வாங்கினோம்.

திரும்பி வந்து டேங்க்கை நிரப்பிக் கணக்குப் போட்டேன். மலை ஏறி இறங்கி, நாலு ஆளோடு, பன்னிரண்டரை. சமதரையில் பதிமூன்று தாண்டும். காகிதத்தை மாதேஷிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. "அது எனக்குத் தெரியுமே சார்" என்றார்.

நான்காம் நாள் காலையில், ஊருக்குக் கிளம்புவதற்கு முன், வண்டியைச் சந்தைக்கு விட்டேன். மண்டிக்காரரின் முன்னால் போய் நின்று, வகுப்பறைக் குரலில், நடந்த அத்தனையையும் சொன்னேன். கயிறு, கேபிள், கணவாய், கல் எல்லாம். ஏலம் ஒரு நிமிடம் நின்றுபோயிற்று. "இவர் என்னை ஏமாத்தலை. நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்" என்று முடித்தேன். மண்டிக்காரர் தலையசைத்தார். ஒரு லாரித் தக்காளியைக் கைமாற்றுகிற அதே தலையசைப்பு. அது போதும் என்று மாதேஷ் சொன்னார். அன்று அவர் கிரேடுகளை யாரும் கொட்டிப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது கௌரி அந்த முக்கோணக் கல்லைத் தூக்கி வண்டிக்குள் பின்பக்கம் வைத்தார். "எங்க ஊர்ல சரிவே கிடையாதும்மா, அடுக்களைத் தரை மாதிரி சமமா இருக்கும்" என்றேன். "கணவாயில டிராபிக் நின்னா வேணுமுங்க. எங்களுக்குக் கல்லுக்கா பஞ்சம்?" என்றார். கணவாயை இரண்டாவது கியரில் இறங்கினேன். வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கியது. வனஜா ஜன்னலில் கை வைத்துக்கொண்டு கடைசிப் பாறை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்கு வந்துவிட்டோம். கேட்டின் முன் நிறுத்தி, பழைய வழக்கப்படி நியூட்ரலில் போட்டு, இறங்கி, அவள் கதவைத் திறக்கச் சுற்றி வந்தேன்.

வண்டி நகர்ந்தது.

வேகமாக இல்லை. எறும்பு ஊர்வதுபோல, ஒரு சாண், இன்னொரு சாண், கிழக்கே, கடல் இருக்கிற பக்கம். நான் அப்படியே நின்றுவிட்டேன். அறுபத்து இரண்டு வருடம் இந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். சமதரை என்று ஆயிரம் பிள்ளைகளுக்கு இதைத்தான் உதாரணம் காட்டியிருக்கிறேன். ஒகேனக்கல்லில் விழுந்த தண்ணீர் எங்கள் வாய்க்கால் வழியாகத்தானே கடலுக்குப் போகிறது. தரை சமமாக இருந்தால் எப்படிப் போகும்? பிடித்துக்கொண்டிருந்ததை விட்டதும் வண்டிக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? கல்லை வைங்க" என்றாள் வனஜா உள்ளே இருந்தபடி.

ஹேண்ட் பிரேக் மட்டுமே போதும், இப்போது அது ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனாலும் ஓடிப்போய்க் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் வைத்தேன். பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்திவிட்டு அவளைத் தாங்கி இறக்கினேன். தரையில் நின்று புடவையைச் சரிசெய்துகொண்டே, "நாளைக்கு எங்க போறோம்?" என்று கேட்டாள்.

நான் கையை உள்ளே நீட்டி ஹேண்ட் பிரேக்கை விட்டேன். இரண்டு பேரும் தெருவில் நின்று காத்திருந்தோம். டொக் என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் உள்ளே போனோம்.